அந்த நாளும் இந்தக் கேள்வியும்

“அந்தக் காலத்துப் படம் போல் இனி எங்கே வரப்போகிறது!”

இந்தப் பெருமூச்சு ஒலிக்காத தேநீர்க் கடை தமிழ்நாட்டில் உண்டோ? நாம் கண்டதில்லை. அண்மையில் ஒரகடம் சென்றிருந்தோம். வண்டலூரிலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து திருப்பெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் குறுக்கிடும் அந்தச் சந்திக்கருகே, சரக்குந்துகள் எழுப்பிய புழுதிக்கிடையே, பெரியவர் நால்வர் பெஞ்சில் அமர்ந்து அந்தப் பெருமூச்சைத்தான் விட்டுக்கொண்டிருந்தனர். பேச்சு துப்பறியும் படங்களைப் பற்றியது. ‘அந்த நாள்’ என்றார் ஒருவர். ‘பொம்மை’ என்றார் மற்றொருவர். “சி.ஐ.டி. வேடத்துக்கு ஜெய்சங்கருக்கு மேல் ஆள் உண்டா?” என்று சவால் விட்டார் மூன்றாமவர். நான்காமவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு கையை நீட்டி, எதிரே நீண்டு கிடந்த தொழிற்சாலை மதிலைக் காட்டினார். “அதோ, அந்த மதில் இருக்கிறதே, அங்கேதான் நம்ம ஊர்க் கீற்றுக் கொட்டகை இருந்தது. மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தோம். கறுப்பும் வெள்ளையும்தான். ஆனால் மனத்தில் இன்னும் அழியவில்லை” என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டு நாமும் சிறிது உருகினோம்; மறைப்பானேன்? நாமும் அப்படங்களைக் கண்டு களித்தவர்களே. பாதி முகம் இருளிலும் பாதி முகம் ஒளியிலுமாக ஒருவன் படிக்கட்டில் இறங்கி வரும்போது, ‘இவன்தானோ?’ என்று நெஞ்சு அடித்துக்கொண்ட அனுபவம் நமக்கும் உண்டு. ஆகவே பழைய படங்களை விரும்புவது பாவம் என்று பேச நாம் வரவில்லை. அந்த விருப்பம் வழிபாடாக மாறும் இடத்தில்தான் நமக்கும் அவர்களுக்கும் வழக்கு.

ஏக்கப் பேச்சாளர் கூறுவது யாது? “அந்நாளில் கலை உயர்ந்திருந்தது, சுவைஞரும் உயர்ந்திருந்தனர், இந்நாளில் இரண்டும் தாழ்ந்தன.” இதுவே அவர்கள் வழக்கின் சாரம். துப்பறியும் படத்தைப் போற்றுவோரன்றோ? அவர்கள் முறையிலேயே விசாரிப்போம். சான்று எங்கே?

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஏவி.எம். நிறுவனத்தின் ‘அந்த நாள்’ திரைக்கு வந்தது. இயக்கியவர் எஸ். பாலச்சந்தர், வீணையிலும் வல்லவர். கதையமைத்து, துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தவர் ஜாவர் சீதாராமன். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. தமிழ்ப் படத்துக்கு இம்மூன்றும் உயிர்நாடி என்று எண்ணப்பட்ட காலத்தில், மூன்றையும் விலக்கி, ஒரு பிணம், ஒரு துப்பாக்கி, சில சாட்சிகள் என்ற மூலதனத்தோடு படமெடுத்தனர். துணிவு! மறுக்கவில்லை.

ஆனால் உயர்ந்த சுவைஞர் நிறைந்திருந்ததாகச் சொல்லப்படும் அந்நாள், இந்தத் துணிவை எப்படி வரவேற்றது? மாலையிட்டதா? இல்லை. பாட்டில்லையே என்று பார்வையாளர் பலர் சினந்தனர். வந்த வேளையில் படம் வணிகத்தில் தோற்றது. நடுவணரசின் விருதுக் குழு தகுதிச் சான்று தந்தது, கொட்டகை தரவில்லை. பத்தாண்டு கழித்து, 1964இல் அதே பாலச்சந்தர் ‘பொம்மை’ எடுத்தபோது அதில் பாட்டுகள் இருந்தன. ஏன் என்பதை ஊகிக்கத் துப்பறியும் நிபுணர் வேண்டியதில்லை. இன்று “அந்த நாள் போல் வருமா?” என்று ஏங்குவோரில் சிலரேனும், அன்று “பாட்டெங்கே?” என்று கேட்டோரின் பிள்ளைகள் அல்லரா? தம் காலத்தில் கைவிட்டதைத் தம் காலத்தின் பெருமையென்று உரிமை கொண்டாடுவது எந்த ஊர் நியாயம்?

இது முதற் குற்றச்சாட்டு. இரண்டாவது இதைவிடப் பெரிது. போற்றுவோர் எதைப் போற்றுகின்றனர்? ஒளியமைப்பைப் போற்றுகின்றனர், சிவாஜியின் கண்ணைப் போற்றுகின்றனர், பாட்டில்லாப் புதுமையைப் போற்றுகின்றனர். படம் என்ன சொன்னது என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

எழுபது ஆண்டு கடந்துவிட்ட படம். எனவே மர்மத்தை உடைத்துச் சொல்வதை வாசகர் பொறுத்தருள்வர். 1943ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள். சென்னை மீது சப்பான் குண்டு விழுந்த வேளை. வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். அண்டை வீட்டார், உடன்பிறந்தவன், அவன் மனைவி, ராஜன் நாடிச் சென்ற நடனக்காரி, ராஜனின் மனைவி உஷா ஆகிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கின்றனர். ஒவ்வொரு கதையும் உண்மை போலவே தோன்றுகிறது. இறுதியில் தெரிகிறது: இறந்தவன் தன் அறிவை இந்நாடு மதிக்கவில்லை என்று கசந்து, பகைவர்க்கு உளவு சொன்னவன். சுட்ட கை மனைவியின் கை.

எண்ணிப் பாருங்கள். கணவன் கல்லானாலும் புல்லானாலும் அவன் காலடியே கதி என்று படத்துக்குப் படம் பெண்ணுக்கு உபதேசம் பொழிந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு பெண், கணவன் செய்வது தீது என்று தன் அறிவால் ஆராய்ந்து, தன் வாயால் தடுத்து, முடியாதபோது துப்பாக்கி ஏந்துகிறாள். கொலையை நாம் பாராட்டவில்லை. “கணவன் செய்தால் அது சரியாகிவிடுமா?” என்று கேட்ட மனத்தைப் பாராட்டுகிறோம். அப்படத்தின் புரட்சி, விட்டுவிட்ட பாட்டில் இல்லை. கேட்டுவிட்ட கேள்வியில் இருக்கிறது! இதைச் சொல்லும் ஏக்கப் பேச்சாளர் எத்தனை பேர்? உஷாவைப் பற்றிப் பேசினால், அப்படத்தைப் போற்றும் வாயாலேயே தம் வீட்டுப் பெண்ணைக் “கேள்வி கேட்காதே” என்று அதட்ட முடியாமற் போகும் அல்லவா?

மூன்றாவதாக, பழையதெல்லாம் பொன்னா? 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘திகம்பர சாமியார்’ படத்தை நினைவூட்டுகிறோம். வடுவூர் துரைசாமி அய்யங்கார் நாவலைத் தழுவியது. எம்.என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் புனைந்து வியப்பூட்டினார். அவர் திறமைக்கு வணக்கம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: குற்றத்தைக் கண்டுபிடிக்க அறிவு போதாதா? அறிவாளிக்குச் ‘சாமியார்’ என்ற பட்டமும் வேண்டியிருந்ததே, ஏன்? வெறும் மனிதன் ஆராய்ந்து சொன்னால் ஊர் நம்பாது. சாமியார் சொன்னால் நம்பும் என்ற கணக்குத்தானே? பகுத்தறிவைக்கூடப் பக்தி உடையில் மறைத்துக் கடத்த வேண்டியிருந்த காலத்தை எப்படிப் பொற்காலம் என்போம்? இன்னும் எத்தனை கதைகளில் துப்பறிவோன் தேடியது எதனை? பணக்கார வீட்டு உயிலை, பெட்டகத்து நகையை, மிராசுதாரின் வாரிசை! முதல் ஐயம் யார் மேல் விழுந்தது? வேலைக்காரன் மேல்!

கடல் கடந்து பார்த்தாலும் இதே காட்சிதான். ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் இத்தகைய ஏக்கக்காரர் கூட்டம் பெரிது. பாசில் ராத்போன் ஷெர்லாக் ஹோம்சாக நடித்த 14 படங்கள் 1939 முதல் 1946 வரை வந்தன. இன்றும் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து மகிழ்வோர் உளர். மகிழட்டும். ஆனால் அதே காலத்துச் சார்லி சான் வரிசையைக் காணுங்கள். சீனத் துப்பறிவாளர் சார்லி சான். நடித்தவரோ சுவீடனில் பிறந்த வார்னர் ஓலாண்டு! அவருக்குப் பின் வந்தோரும் வெள்ளையரே. மகனாக நடிக்கச் சீனாவில் பிறந்த கேய் லூக் கிடைத்தார். தந்தையாக நடிக்க மட்டும் ஒரு சீனர் கிடைக்கவில்லையாம்! வேடிக்கை அல்ல இது, நிறத்திமிர். கறுப்பு வெள்ளைப் படம் என்று கொஞ்சுகிறோமே, அந்தப் படத்தில் கறுப்புக்கு எந்த இடம், வெள்ளைக்கு எந்த இடம் என்று பாராமல் கொஞ்சலாமா?

“கலைக்குள் இத்தனை ஆராய்ச்சி எதற்கு? பொழுதுபோக்குக்குத்தானே படம்?” என்று கேட்பார் உளர். அவர்களுக்கு நம் விடை இது: துப்பறியும் படம் தரும் பொழுதுபோக்கே ஆராய்ச்சிதானே! அழகனை நம்பாதே, அழுபவளை நம்பாதே, செல்வனென்று தயங்காதே, ஏழையென்று பழி போடாதே, சான்று கேள், முன்னுக்குப் பின் முரணைப் பார், பிறகே தீர்ப்புச் சொல். இரண்டரை மணி நேரம் இந்தப் பயிற்சியைத் தரும் பள்ளி அது. பள்ளியைப் புகழ்ந்து பாடிவிட்டுப் பாடத்தை மட்டும் மறப்பவனை என்னென்பது?

அந்தப் பாடம் அரைப்பாடம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ‘அந்த நாள்’ வருவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன், 1952 அக்டோபரில், அதே ஏவி.எம். வளாகத்திலிருந்து ‘பராசக்தி’ வந்தது. அதிலும் சிவாஜி கணேசன், அதிலும் பண்டரிபாய். கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடல். அதிலும் குற்றம் உண்டு. வழக்கு மன்றம் உண்டு. ஆனால் கூண்டில் நின்றவன் “நான் செய்யவில்லை” என்று வாதாடவில்லை. தன்னையும் தன் தங்கையையும் அந்த நிலைக்குத் தள்ளிய சமுதாயத்தையே கூண்டில் ஏற்றினான். துப்பறியும் படம் “யார் செய்தது?” என்று கேட்டது. சீர்திருத்தப் படம் “ஏன் நேர்ந்தது?” என்று கேட்டது. முதற் கேள்வி மட்டும் கேட்டால், ஒரு கையில் விலங்கு பூட்டியதும் கதை முடிந்துவிடும். இரண்டாம் கேள்வி மட்டும் கேட்டால், எல்லாரும் குற்றவாளி என்று பேசி, குற்றவாளி தப்பிவிடுவான். இரண்டையும் சேர்த்துக் கேட்பதே பகுத்தறிவு.

நம்மவரையும் விட்டுவைக்கப் போவதில்லை. பராசக்தி உரையாடலை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் தோழர்கள் நம்மிடையே பலர். ஒப்புவித்து முடித்ததும் கைதட்டல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவர். வரும் வழியில் நடக்கும் அநீதியைக் கண்டு ஒரு கேள்வி கேளார். அதுவும் ஏக்க நோய்தான். வண்ணம் மட்டும் வேறு.

ஒரகடத்துத் தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். பெரியவர்களின் பேச்சை ஓர் இளம்பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். தென்மாவட்டத்திலிருந்து வந்து, விடுதியில் தங்கி, ஆலையில் வேலை செய்பவள். இரவு ஷிப்ட் முடிந்த களைப்பு கண்ணில் தெரிந்தது. “தாத்தா, அந்தப் படத்தை நானும் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸில் போகவர, கைப்பேசியில், நாலு நாளாய்ப் பார்த்தேன்” என்றாள். பெரியவர் முகம் மலர்ந்தது. “அப்படியா அம்மா! கொன்றது யாரென்று கண்டுபிடித்தாயா?” என்றார். “அதைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். எனக்குப் புரியாதது வேறு. அவ்வளவு படித்த இன்ஜினியரை இந்த நாட்டில் யாரும் ஏன் மதிக்கவில்லை? அதை மட்டும் யாரும் விசாரிக்கவே இல்லையே தாத்தா?”

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அறுபது ஆண்டாக அப்படத்தைப் போற்றிய எவருக்கும் தோன்றாத கேள்வி, நான்கு நாள் பேருந்துப் பயணத்தில் பார்த்தவளுக்குத் தோன்றியது! அவள் வாழும் இடம் அந்தக் கேள்வியை அவளுக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

அது எத்தகைய இடம்? கேளுங்கள். 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர், அவர்களில் பெரும்பகுதியினர் இளம்பெண்கள், அங்கே உழைத்தனர். 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. ஆலை இறந்து கிடந்தது, ராஜனைப் போல. சாட்சிகள் வந்தனர், ‘அந்த நாள்’ படத்தைப் போலவே. வரி வழக்கே காரணம் என்றது ஒரு வாய். வரியை முறையாகச் செலுத்தியிருந்தால் வழக்கேது என்றது மறு வாய். கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் அந்த விற்பனைக்கு வெளியே நின்றுவிட்டதே என்றது மூன்றாம் வாய். சந்தை மாறிவிட்டது, மக்கள் வேறு கைப்பேசியை விரும்புகின்றனர் என்றது நான்காம் வாய். ஒவ்வொரு கதையிலும் சிறிது உண்மை. ஒவ்வொரு சுட்டுவிரலும் அடுத்தவரை நோக்கி! எல்லாச் சாட்சியையும் ஓர் அறையில் அமர்த்தி, முரணை முரணோடு மோதவிட்டு உண்மை காணச் சிவானந்தம் ஒருவர் வந்தாரா? வரவில்லை. பின்னாளில் அதே வளாகத்தை வேறு நிறுவனம் வாங்கியது. விளக்குகள் மீண்டும் எரிந்தன. வேலையிழந்து ஊர் திரும்பிய பெண்களின் வழக்கோ, முடிவு காட்டாமல் சுருள் அறுந்த படமாய் நின்றுவிட்டது.

இன்னொன்று. 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். “எங்கள் தோழியர் எங்கே? எப்படி இருக்கின்றனர்?” என்று மற்றவர்கள் கேட்டனர். மிக எளிய கேள்வி. உடனே தெளிவான விடை கிடைத்திருந்தால் அறையோடு முடிந்திருக்கும். கிடைக்கவில்லை; ஆகவே சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பிறந்தது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். இறப்புச் செய்தி பொய் என்று பின்னர்த் தெரிந்தது. சான்று மறைக்கப்படும் இடத்தில் வதந்தி ஆட்சி செய்யும் என்பது துப்பறியும் கதையின் அரிச்சுவடி. வதந்தியை நம்பியோரைக் கடிந்தவர் பலர். வதந்திக்கு இடம் வைத்தது யார் என்று துப்பறிந்தவர் சிலர். ஆனால் அந்தப் பெண்கள் கேட்ட கேள்வி வீண்போகவில்லை. விடுதிகளின் நிலை வெளிச்சத்துக்கு வந்தது. ஆலை சில நாள் மூடப்பட்டு, 2022 சனவரியில்தான் திறந்தது.

2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கோரிக்கையில் முதன்மையானது யாது? தம் சங்கத்தை ஏற்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்பது. சங்கம் என்றால் என்ன? தனியொருவன் கேட்டால் அதட்டி அடக்கப்படும் கேள்வியைப் பலர் கூடிக் கேட்பதற்கான வாய். அந்த வாய்க்குப் பதிவேட்டில் இடம் கிடைக்க 2025 சனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படத்தில் சி.ஐ.டி. கேள்வி கேட்டால் கைதட்டுகிறோம், ஆலை வாயிலில் தொழிலாளி கேள்வி கேட்டால் “ஏன் வம்பு?” என்கிறோம். இந்த முரணைத் துப்பறிய எந்த நிபுணரை அழைப்பது?

தேநீர்க் கடைப் பெரியவரை நாம் பழிக்கவில்லை. அவர் ஏங்குவது படத்துக்காக மட்டுமன்று என்பதை நாம் அறிவோம். கொட்டகை நின்ற மணல்வெளிக்கும், மதிலுக்கு அப்பால் போன நிலத்துக்கும், ஊரார் ஒன்றாய் அமர்ந்த இரவுக்கும் சேர்த்தே அவர் ஏங்குகிறார். அந்த இழப்பு மெய். ஆனால் ஏக்கம் அவர் நிலத்தை மீட்டுத் தராது. ஏக்கம் ஒரு படச்சுருளையும் காத்ததில்லை! தமிழின் முதற் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. இன்று அதன் பிரதி ஒன்றும் இல்லை. புனேயில் நாட்டுத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் எழுந்தது. அதற்குள் அழிந்தவை எத்தனையோ. “எங்கே போயிற்று? யார் பொறுப்பு?” என்று உரிய காலத்தில் கேட்டோர் இருந்திருந்தால், பெருமூச்சு விட வேண்டிய தேவையே இருந்திராது.

எனவே பழைய படங்களைப் போற்றும் அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இவை. எஞ்சியுள்ள பிரதிகளைக் காக்குமாறு அரசையும் பட நிறுவனங்களையும் கேளுங்கள். ஊர்தோறும் நம் படிப்பகங்கள் உள்ளன; திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை விடுதிகள் உள்ளன. விடுமுறை நாளில் அங்கே ‘அந்த நாள்’ திரையிடுங்கள். படம் முடிந்ததும் விளக்கை ஏற்றி, “நீங்கள் சிவானந்தமானால் வேறென்ன கேட்டிருப்பீர்கள்?” என்று இளைஞரையும் பெண்களையும் பேசவிடுங்கள். பெரியவர்கள் பேச்சைக் குறைத்துச் செவியைத் திறக்கட்டும். அந்த இளம்பெண்ணைப் போல் கேட்பவர் பத்துப் பேர் கிடைப்பர். படத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கி, சம்பளச் சீட்டைப் பற்றியும், சமையற்கூடத்தைப் பற்றியும், சங்கத்தைப் பற்றியும் கேட்பர்.

நாம் எழுந்து புறப்படும்போது, அப்பெரியவர் அவளைத் தம் அருகே அமரச் சொல்லி, “நீ கேட்டாயே அம்மா, அதை மறுபடி சொல்லு” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அறுபதாண்டு இரசிகர் அன்றுதான் துப்பறியத் தொடங்கினார். காலம் தாழ்ந்துவிடவில்லை. இருளும் ஒளியும் திரையில் மட்டும் இல்லை, தோழர்களே. நம் தெருவிலும் உண்டு. கேள்வி என்னும் விளக்கை அங்கேயும் ஏற்றுவோம்!